ஒரு நாளைக்கு ஒரு பக்கெட் சுண்ணாம்பு

உட்காருங்க சார். அந்த லாரி டிரம் மேல உட்காருங்க. பழைய பேப்பர் கெடக்குது பாருங்க, போட்டுக்குங்க, இல்லாட்டி கிரீஸ் ஒட்டிக்கும். இப்பத்தான் டேங்க்குல கல்லு போட்டிருக்கறேன், கேஸ் ஏறி வரப் பத்து நிமிஷமாவது ஆகும். ஸ்டாண்டு ஒடஞ்ச ஸ்கூட்டரை வெச்சுக்கிட்டு நடுவழியில நிக்கறது எவ்வளவு எரிச்சல்னு தெரியுதுங்க. ஆனா இது அவசரப்படுத்தற சாமான் இல்லை.

என்ன, நீங்களும் அதையே கேக்கறீங்க? சங்ககிரி ரோட்டுல இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் எல்லாப் பட்டறையிலயும் கேஸ் சிலிண்டர் வந்து எத்தனையோ வருசமாச்சு. சென்னியப்பன் மட்டும் இன்னும் கார்பைட் கல்லையும் தண்ணியையும் கட்டிக்கிட்டு அழுவுறான்னு எனக்குப் பின்னால பேசிக்கறாங்க. பேசட்டும். சிலிண்டர் கேஸுல இந்தத் தீ வராதுங்க. அதான் காரணம். வேற ஒரு காரணமும் இல்லை.

நீங்க என்ன வேலைங்க? வாத்தியாருங்களா! என்ன பாடம்? வேதியியலா? அடடா, அப்ப உங்களுக்குப் போயி நான் சொல்லிக் குடுக்கறனே. கல்லு மேல தண்ணி பட்டா கேஸ் புஸ்ஸுன்னு மேல கெளம்பும். கீழ சாம்பல் நெறத்துல கூழாட்டம் ஒண்ணு தங்கும், அது சுண்ணாம்பு. என்னது, துணை விளைபொருளுங்களா? பேரு பெருசாத்தான் வெச்சிருக்கறீங்க. நாங்க கழிவும்போம். கல்லப் போட்டா ரெண்டும் வரும் சார். கேஸ மட்டும் குடு, சுண்ணாம்பு வேண்டாம்னு கல்லுகிட்டச் சொல்ல முடியாது. பட்டறை ஆரம்பிச்ச நாள்ல இருந்து அதை அள்ளி அள்ளிப் பின்னால குழியில கொட்டிக்கிட்டு இருந்தேன். சனியன் எப்படா தொலையும்னு இருக்கும்.

அப்பத்தான் அவ வந்தா. வசந்தாமணி.

பதினாலு வருசமாச்சு. மார்கழி கடைசி. மத்தியானம் மூணு மணி இருக்கும், தறிப்பட்டறையில ஷிப்ட் விடற நேரம். அந்தப் புளியமரத்தடியில ஒரு பொம்பளை நின்னுக்கிட்டு இருந்தா. தலையெல்லாம் பஞ்சு. தறியில நூல் சுத்தற வேலைங்க, பஞ்சு ஒட்டாம இருக்காது. "ஏனுங்க, அந்தக் குழியில கெடக்கறது உங்களுக்கு வேணுமுங்களா?"ன்னா. "அது கழிவு அம்மிணி, பூண்டு நாத்தம் அடிக்கும்"னேன். "ரெண்டு நாள் காத்தாட வெச்சா நாத்தம் போயிருமுங்க. ஈரோட்டுல எங்கக்கா வீட்டுல இதைத்தான் அடிச்சாங்க. கடைச் சுண்ணாம்ப விட வெள்ளையா இருக்குது"ன்னா. எடுத்துட்டுப் போன்னேன். எனக்கென்ன, குழி காலியானாச் சரி.

வீட்டுக்காரர் லாரி டிரைவர், மைசூர்ப் பக்கம் ஆக்சிடெண்டுல போயிட்டாரு. ஒரே பையன், தீபன்னு பேரு, அப்பப் பள்ளிக்கூடம் போயிட்டு இருந்தான். இதெல்லாம் நான் கேக்கலைங்க, அவளாச் சொன்னது.

ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. அவளுக்கு மரியாதை கொஞ்சம் கம்மி. இந்த ஏரியாவுல பொம்பளைங்க எல்லாரும் என்னை அண்ணான்னுதான் கூப்பிடுவாங்க. சின்னதுங்க மாமாம்பாங்க. இவ ஒருத்தி மட்டும் பதினாலு வருசமும் "ஏனுங்க"தான். ஒரு தடவை கூட அண்ணான்னு வாயில வரலை. நானும் பாத்தேன், பாத்தேன், சரி வளர்ந்த விதம் அப்படின்னு விட்டுட்டேன்.

அடுத்த வருசம் பாருங்க, அவ தெருவே கெளம்பி வந்துருச்சு. பொங்கலுக்கு முன்னால வாசல்ல வேப்பிலையும் பூளைப்பூவும் சொருகிக் காப்புக் கட்டறாங்கல்ல, அதுக்குள்ள வெள்ளை அடிச்சாகணும். பக்கெட், அண்டா, எண்ணெய் டின்னு, எது கெடைச்சுதோ அதைத் தூக்கிட்டு வருவாங்க. அண்ணா எனக்கு ரெண்டு, மாமா எங்கம்மா மூணு கேட்டுச்சு. தொல்லைங்க. பதினஞ்சு நாளைக்கு ஒரு டீ நிம்மதியாக் குடிக்க முடியாது. நானும் விடுவனா, குழிய மூணாத் தடுத்து செங்கல் வெச்சேன். இன்னைக்கு எறக்கினது ஒண்ணு, தெளியறது ஒண்ணு, எடுக்கறதுக்குத் தயாரா ஒண்ணு. கொசுவலையில சலிச்சு வெச்சேன். கல்லுத் துணுக்கு கெடந்தா தேங்கா மட்டையில வெள்ளை அடிக்கறப்பச் செவுரு கீறிருமுல்ல? வேலையக் கெடுக்கறாங்களேன்னு திட்டிக்கிட்டேதான் சலிப்பேன்.

ஒரு வருசம் நாப்பத்தொரு வீட்டுக்குப் போச்சுங்க. நான் எண்ணலை. சும்மா ஞாபகத்துல நிக்குது.

பொங்கலன்னிக்கு அதுக்குப் பதில் மரியாதை வேற. தூக்குப்போசியில சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், வாழப்பழம்னு வந்து குமிஞ்சிரும். ஒத்த ஆளு எவ்வளவு சார் திங்கறது? ஆமாங்க, ஒத்த ஆளுதான். கல்யாணம் கட்டலை. ரெண்டு தங்கச்சிகளையும் கட்டிக்குடுத்துட்டு நிமிந்து பாக்கறேன், வயசு நாப்பத்தி மூணு. இனி யாரு குடுப்பா? தங்கச்சிக நல்லா இருக்குதுங்க. பொங்கச் சீரு போனதும் ரெண்டும் போன் பண்ணி வந்து சேந்துச்சுன்னு சொல்லிரும்.

இருங்க, கேஸ் வந்துருச்சு. கண்ண அந்தப் பக்கம் திருப்பிக்குங்க. பித்தளை வெச்சு ஒட்டறேன், இனி இந்த எடத்துல ஒடையாது.

ஆச்சுங்க. தொடாதீங்க, நெருப்பா இருக்குது. தண்ணி ஊத்தி ஆத்துனா விரிசல் விடும், அதுவா ஆறட்டும். உட்காருங்க. எங்க விட்டேன்?

ஆங், அப்புறம் பெயிண்ட் வந்துச்சு. மொதல்ல ஒரு வீடு ரோஸ் கலரு அடிச்சான். அடுத்த வருசம் எதுத்த வீடு. பசங்க வேலைக்குப் போயிட்டாங்க, கையில நாலு காசு பொழங்குது, எவன் சார் சுண்ணாம்பு அடிப்பான்? மேல சாஞ்சா சட்டையில ஒட்டுமே. நாப்பத்தொண்ணு முப்பதாச்சு, முப்பது பன்னண்டாச்சு, பன்னண்டு அஞ்சாச்சு. எனக்கு ஒரு வகையில நிம்மதிதாங்க. அண்ணா அண்ணான்னு கத்தறதுக்கு ஆளில்லாம பட்டறை அமைதியா இருந்துச்சு. ஆள் இல்லாட்டியும் நான் பாட்டுக்கு ஏதோ ஒண்ணு பேசிக்கிட்டே சலிச்சுக்கிட்டு இருப்பேன்.

கடைசியில ஒருத்திதான். அவ மட்டும் விடலை.

அதுக்குள்ள எனக்குப் பட்டறையில கேஸ் வேலையும் கொறஞ்சு போச்சு. லாரி பாடி கட்டறதெல்லாம் கரண்ட் வெல்டிங்குக்கு மாறிட்டாங்க. எங்கிட்டயும் கரண்ட் மிஷின் இருக்குது, அதுலதான் பொழப்பு ஓடுது. கேஸ்ங்கறது உங்களாட்டம் யாராவது ஒருத்தர் வந்தாத்தான். கேஸ் வேலை இல்லைன்னா கல்லு போட வேண்டியதில்லை. கல்லு போடலைன்னா சுண்ணாம்பு ஏது? ஒரு மார்கழியில அவ வந்து குழியை எட்டிப் பாத்தா. தரை தெரியுது. "ஏனுங்க, இந்த வருசம் இல்லீங்களா?"ன்னா. பக்கெட்டை இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்திக்கிட்டா. செரிங்கன்னு போயிட்டா.

அன்னைக்குச் சோறு எறங்கலைங்க. இத்தனை வருசமா நம்மள நம்பி வந்த பொம்பளைய வெறும் பக்கெட்டோட அனுப்பலாமா? யாரா இருந்தாலும் மனசு கேக்காதுல்ல?

மறுநாள் வெடியாலயே ரெண்டு கிலோ கல்லை எடுத்து டேங்க்குல போட்டேன். வேலை ஒண்ணும் இல்லை. சுண்ணாம்புக்காகப் போட்டேன். என்ன சார் அப்படிப் பாக்கறீங்க? ஆமாங்க, இந்தத் தொழில்ல எவனும் அப்படிச் செய்ய மாட்டான். உங்க புஸ்தகத்துலயும் தலைகீழாத்தான் இருக்கும். சரி, சுண்ணாம்பு கெடைக்கும், கேஸ என்ன பண்றது? சுண்ணாம்ப மட்டும் குடுன்னாலும் கல்லு கேக்காதே. பின்னால செவுத்தோரமா ஒரு பைப்ப நீட்டி, நுனியில பத்த வெச்சு விட்டுட்டேன். அது பாட்டுக்கு எரிஞ்சு போகும். ஆக்சிஜன் சேக்காம எரிச்சா இந்தக் கேஸ் கரியாக் கக்கும். அந்தச் செவுரு அப்ப வெள்ளைச் செவுருங்க. இப்பப் பாருங்க, சட்டி அடியாட்டம் இருக்குது. ஊருக்கே வெள்ளை அடிக்கச் சுண்ணாம்பு குடுத்தவன் செவுரு இப்படிக் கெடக்குது.

ரெண்டு நாள் கழிச்சு அவளே வந்தா. குழியில சுண்ணாம்பு இருந்துச்சு. கரிச் செவுத்த ஒரு பார்வை பாத்தா, குழிய ஒரு பார்வை பாத்தா. ஒண்ணும் கேக்கலை. பக்கெட்டை நெரப்பிக்கிட்டா.

அதுல இருந்து ஒவ்வொரு வருசமும் கார்த்திகை பொறந்தாக் கல்லு போட ஆரம்பிச்சுருவேன். பொங்கலுக்கு முன்னால ஏழு நாள் வருவா. மூணு மணிக்கு. ஒரு நாளைக்கு ஒரு பக்கெட். நானும் எத்தனையோ தடவை சொல்லிட்டேன், "ஏன் அம்மிணி தெனமும் அலையறே? டெம்போக்காரன்கிட்டச் சொல்றேன், எல்லாத்தையும் ஒரே நடையில ஏத்திட்டுப் போயிரலாம்"னு. "இல்லீங்க, டெம்போ எங்க சந்துல திரும்பாது"ம்பா. பின்னால ஒரு நாள் பாத்தேன், அவ சந்துல லாரியே திரும்புமுங்க. ஒண்ணு சொன்னா வெளங்கிக்காத பொம்பளை.

வந்தா ஒடனே எடுத்துட்டுப் போகவும் மாட்டா. "தெளியட்டுமுங்க"ன்னு நீங்க உக்காந்திருக்கற டிரம் மேலதான் உக்காருவா. தெளிஞ்சுதான் இருக்கும். இருந்தாலும் உக்காருவா. ஏதாவது நாயம் பேசுவா. தறிப்பட்டறையில யாரு யாருகூடச் சண்டை, தீபன் பாலிடெக்னிக்குல என்ன மார்க்கு, ஓசூர்ல வேலை கெடைச்சது, இந்த மாதிரி. நான் வேலை பாக்கற மாதிரி இருப்பேன். வேலை இருக்காது, ஏதாவது ஒரு இரும்பை எடுத்து ராவிக்கிட்டு இருப்பேன். பக்கெட்டு என்னோடது, நானே அடிபோட்டு ஒட்டினது. எடுத்துட்டுப் போற பக்கெட்டை மறுநாள் வெறுசா கொண்டு வர மாட்டா. நாலு அவரைக்காய் கெடக்கும், ஒரு துண்டு அரசாணிக்காய் கெடக்கும், ஒரு நாள் வாழையெலையில சுத்தி, வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் கெடந்துச்சு. எதுக்கு அம்மிணின்னா, "பாத்திரத்த வெறுசாக் குடுக்கக் கூடாதுங்க"ம்பா.

இந்தக் கையைப் பாருங்க. தோலு சுருங்கியிருக்குதுல்ல? அது போன மார்கழிக்கு முந்தின மார்கழியில நடந்தது. நெறையக் கெடைக்கட்டும்னு கல்லக் கொஞ்சம் சேத்துப் போட்டுட்டேன். பைப்புல எரிஞ்ச தீ உள்ள ஏறி, டேங்க் மூடி தூக்கியடிச்சு, கையி, புருவம் எல்லாம் பொசுங்கிருச்சு. அவ அப்பத்தான் வந்தா. பக்கெட்டை வீசிட்டு ஓடி வந்து என் கையைக் கொழாயடியில புடிச்சா. அரை மணி நேரம் புடிச்சுக்கிட்டே நின்னா சார். திட்டறா, அழுவுறா, மறுபடி திட்டறா. "இனி இந்த எழவே வேண்டாமுங்க. எனக்குச் சுண்ணாம்பே வேண்டாம்"னா.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "சுண்ணாம்பு வேண்டாம்னா அப்புறம் எதுக்கு அம்மிணி நீ இங்க வரப் போறே?"ன்னேன்.

நாயமான கேள்விதானுங்களே? அவ என்னை நிமிந்து பாத்தா. கொழாயை நிறுத்துனா. போயிப் பக்கெட்டை எடுத்து, சுண்ணாம்பை நெரப்பி, தூக்கிக்கிட்டுப் போயிட்டா. நான் கை வெந்து நிக்கறேன், அவ காரியத்துல கண்ணா இருந்தா பாருங்க. மறுநாள் காயத்துக்கு மருந்து வாங்கிட்டு வந்தா, அதையும் சொல்லணும்.

இப்பச் சொல்லப் போறதுதான் என் வயித்தெரிச்சல். போன மார்கழி. கரண்ட் மிஷினை வண்டியில ஏத்திக்கிட்டு, ஒரு வீட்டுல இரும்புக் கேட்டு ஒட்டறதுக்குப் போனேன். போனப்பறம்தான் தெரியுது, அது வசந்தாமணி தெரு. பதிமூணு வருசத்துல நான் அந்தத் தெருவுக்குள்ள கால் வெச்சதில்லைங்க. தனியா இருக்கற பொம்பளை, நாம எதுக்குப் போகணும்? கேட்டு வீட்டு அம்மாகிட்ட, பக்கத்துல பச்சைப் பெயிண்டுல பளபளன்னு ஒரு வீடு இருக்குதே, யாரு வீடுன்னு கேட்டேன். "வசந்தாமணி வீடுங்க. பையன் சம்பாதிச்சு அடிச்சுக் குடுத்தான். உள்ளயும் வெளியயும் பெயிண்டு. ஆச்சு, இது மூணாவது பொங்கல்"னு சொல்றாங்க.

மூணாவது பொங்கல்!

மூணு வருசமா நான் கல்லை வெட்டிக்கு எரிச்சிருக்கேன். செவுரு கரியாகிக் கெடக்குது. கை வெந்துச்சு. எல்லாம் இவ வீட்டுக்கு வெள்ளை அடிக்கணுமேன்னு. இவ வீட்டுல பச்சைப் பெயிண்டு. ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க. தீபனுக்கு என்ன சம்பளம்னு சொல்றா, மெஸ்ஸுல என்ன கொழம்புன்னு சொல்றா, வீட்டுக்குப் பெயிண்டு அடிச்சதை மட்டும் சொல்லலை. என்னை ஏமாத்திட்டாளேங்க. அம்பத்தேழு வயசுல என்னை யாரும் அப்படி முட்டாளாக்கினது இல்லைங்க.

மறுநாள் மூணு மணிக்கு வந்தா. அந்த வருசத்துல அது மூணாவது நாள். பக்கெட்டுல கொத்தவரங்காய். ரெண்டு டிரைவருங்க இங்க நின்னுக்கிட்டு இருந்தாங்க. இருந்தா இருக்கட்டும்னு கேட்டுட்டேன். "ஏன் அம்மிணி, இந்தச் சுண்ணாம்பை உன் வீட்டுல எந்தச் செவுத்துக்கு அடிக்கறே? பச்சைச் செவுத்துக்கா? இல்லை, யாருக்காவது விக்கறயா?"ன்னேன். டிரைவருங்க சிரிச்சாங்க.

அவளுக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு. அப்புறம் மெதுவாச் சொன்னா. "நீங்க மார்கழியில வேலையில்லாமக் கல்லு போட்டு, கேஸச் செவுத்துல எரிச்சு விடறது எனக்கும் தெரியுமுங்க. எதுக்கு எரிக்கறீங்கன்னு நான் ஒரு நாளாவது கேட்டனுங்களா?"ன்னா.

பாருங்க சார்! தப்பு பண்ணினது அவ. கேள்வி கேக்கறது என்னை. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நான் எரிச்சது அவளுக்குத்தானே? எனக்குக் கோவம் இன்னும் ஏறிருச்சு. "பேச்சை மாத்தாதே"ன்னேன். அவ பக்கெட்டை அந்த டிரம் பக்கத்துல வெச்சா. கொத்தவரங்காய எடுத்துக் குடுக்கக்கூட இல்லை. புளியமரத்தத் தாண்டிப் போறப்பச் சேலை முந்தானையால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டா. நான் விடலைங்க. "காப்புக் கட்டறதுக்குள்ள மீதி அஞ்சு பக்கெட்டையும் எடுத்துட்டுப் போ, எனக்குக் குழி காலியாகணும்"னு பின்னாலயே கத்துனேன்.

நாலாவது நாள் வரலை. அஞ்சாவது நாள் வரலை. கோவம் தணிஞ்சா வருவான்னு பாத்தேன். காப்புக் கட்டியாச்சு, பொங்கல் போயிருச்சு. அந்தப் பொங்கலுக்குத் தூக்குப்போசி ஒண்ணு கூட வரலைங்க. நானே கொஞ்சம் அரிசி வேக வெச்சுச் சாப்பிட்டேன்.

என்ன சார், நான் உங்ககிட்ட மறைக்கலை. தையி, மாசி, பங்குனி, மூணு மாசமும் மூணு மணியானா என் கழுத்து தானா ரோட்டுப் பக்கம் திரும்பும். இத்தனைக்கும் அவ வருசத்துல ஏழு நாள் வர்றவதான். மத்த நாளெல்லாம் வர மாட்டான்னு தெரிஞ்சு இருந்தேன், அப்ப ஒண்ணும் தெரியலை. இனி மார்கழியிலயும் வர மாட்டான்னு ஆனதும் வருசம் முச்சூடும் வராத மாதிரி ஆயிப்போச்சு. தனியா இருக்கறது எனக்குப் பழக்கந்தான். ஆனா சில நாள் பொழுதோட பட்டறையப் பூட்டறப்ப பயமா இருக்குதுங்க. எதுக்குன்னு தெரியலை, பயமா இருக்குது.

வைகாசியில அந்தக் கேட்டு வீட்டு அம்மா ஆளனுப்பி விட்டாங்க. பக்கத்து வீட்டு சன்னல் கம்பி விட்டுப்போச்சு, வாடகைக்கு விடணும், வந்து ஒட்டிக் குடுங்கன்னு. பக்கத்து வீடுன்னா எதுன்னேன். வசந்தாமணி வீடுதான். பையன் ஓசூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டானாம், சாவி அந்த அம்மாகிட்ட. போனேன். வீடு காலி. சன்னலை ஒட்டிட்டுக் கை கழுவலாம்னு வீட்டுக்குப் பின்னால பொடக்காளிக்குப் போனேன்.

அங்க இருந்துச்சு சார். முருங்க மரத்தடியில. என் சுண்ணாம்பு.

கொட்டி வெச்சிருக்கறான்னு சொல்ல முடியாது. ஒவ்வொரு பக்கெட்டையும் அப்படியே கவுத்து, இட்லி எடுத்து வெச்ச மாதிரி வரிசையா வெச்சிருக்கா. கல்லா எறுகிக் கெடக்குது. முதல் வருசத்தது மழையில மழுங்கிப் போயிருச்சு. அதுக்கப்புறத்தது ஒவ்வொண்ணுலயும் மேல ஒரு கோடு இருந்துச்சு. என்னடா கோடுன்னு குனிஞ்சு பாத்தா, நான் பக்கெட்டுக்கு அடிபோட்டு ஒட்டினேன்ல, அந்த ஒட்டுத் தழும்பு. ஏழு, ஏழு, ரெண்டு. பதினாறு இருந்துச்சு. மூணு வருசச் சுண்ணாம்புங்க. ஒரு கரண்டி எந்தச் செவுத்துலயும் படலை. யாருக்கும் விக்கவும் இல்லை, குடுக்கவும் இல்லை. அரைக் கிலோமீட்டர் கனத்தோட நடந்து தூக்கிட்டு வந்து, இங்க கவுத்து வெச்சுட்டு, மறுநாள் மறுபடி எடுக்க வந்திருக்கா. இதுக்கு என்ன அர்த்தம்? பைத்தியம் புடிச்சவதான் இப்படிச் செய்வா.

கெளம்பறப்ப கேட்டு வீட்டு அம்மா ஒரு துண்டுச் சீட்டு குடுத்தாங்க. "வெல்டரு எப்பவாவது இந்தப் பக்கம் வந்தாக் குடுத்துருங்கன்னு வசந்தாமணி குடுத்துட்டுப் போனா"ன்னு. ஓசூர் விலாசமும் ஒரு போன் நெம்பரும். வேற ஒண்ணுமில்லை. நல்லா இருக்கீங்களான்னு ஒரு வார்த்தை இல்லை, எதுக்குக் குடுத்தேன்னு ஒரு வரி இல்லை. எனக்கெதுக்கு அவ விலாசம்? நீங்க படிச்சவங்க. ஏழு மாசமா யோசிக்கறேன், பிடிபடலை. நீங்க சொல்லுங்களேன்.

என்னங்க? சத்தமாச் சொல்லுங்க, பட்டறைச் சத்தத்துல இந்தக் காது கொஞ்சம் மந்தம்.

இல்லைங்க. அப்படியெல்லாம் இருக்காது.

இருக்காது சார். அவ அப்படிப்பட்ட பொம்பளை இல்லை. நானும் அப்படி...

அப்படியே இருந்தாலும், வாயைத் தொறந்து ஒரு நாள் சொல்லியிருக்கலாமுல்லங்க? பதிமூணு வருசம் வந்தாளே, இந்த டிரம் மேலதானே உக்காந்திருந்தா. ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சா போயிருப்பா?

நானா? நான் என்னத்தச் சொல்றது? நான்தான் கார்த்திகையில இருந்தே சுண்ணாம்பு போட்டு வெச்சனே. அதுக்கு மேல ஒரு மனுசன் வாயால வேற சொல்லணுமுங்களா?

...

இந்த வருசமும் போட்டுட்டுத்தான் இருக்கறேன். குழி நெறைஞ்சு போச்சு, நீங்களே பாத்தீங்கல்ல.

போன் பண்ணச் சொல்றீங்க. நெம்பர் மனப்பாடமுங்க. எத்தனையோ நாள் அமுத்தியிருக்கறேன், கடைசி நெம்பர் வரைக்கும் போயிட்டு அழிச்சுருவேன். அவ எடுத்து, "ஏனுங்க"ன்னா நான் என்ன சொல்றது? விசாரிச்சேன், அங்க மூணாவது மாடியாம். கட்டினவனே எல்லாச் செவுத்துக்கும் பெயிண்டு அடிச்சுக் குடுத்துட்டானாம். அந்த வீட்டுக்கு எங்கிட்ட இருந்து வேண்டியது ஒண்ணும் கெடையாது. ஒண்ணும் வேண்டாத எடத்துக்கு ஒருத்தன் என்னன்னு சொல்லிக்கிட்டுப் போயி நிப்பான்?

வண்டி ஆறிப்போச்சு, எனக்கும் தெரியுது. இன்னும் ரெண்டு நிமிஷம் இருங்க. பாடம் நடத்தறவரு, உங்களுக்கு வார்த்தை வரும். என்ன சொல்லணும்னு சொல்லுங்க சார். நீங்க சொல்றதை நான் அப்படியே சொல்லிர்றேன்.